குளிர்ந்த எஞ்சினின் இரண்டு விநாடி

அத்தியாயம் 14

போன வாரம் ஃபால்கோ பஸ் கம்பெனியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தேன். "அந்த அப்பாவியை நடுத்தெருவில் விட்டுவிட்டீர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" என்று நாலைந்து பேர் காரசாரமாக எழுதியிருந்தீர்கள். நான் எங்கே அம்மா விட்டேன்? அந்த வேலையைச் செய்ய அவன் மாமனார் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. இந்த வாரம் படித்துவிட்டு யாரைத் திட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ஃபால்கோ லேனர்ட்டுக்கு நாற்பத்தொரு வயது. பழைய கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில், சாக்ஸனியில் பிறந்தவன். ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து பதினெட்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டினான். மனைவி சில்கே. சில்கேயின் அப்பா வெண்டலின் ஹேகலே, கார்த் தொழிற்சாலையின் எஞ்சின் சோதனைக் கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் நின்று ரிட்டயர் ஆனவர். எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதில்லை.

மருமகனை அவருக்குப் பிடிக்காது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் "ஹெர் லேனர்ட், நீங்க" என்று மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுகிறார். மரியாதை என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பெரியவர்தான் முதலில் கிளாஸை உயர்த்தி, "இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு" என்று கொடுக்க வேண்டும். அது கிடைக்கிற வரைக்கும் மருமகனும் அந்நியன்தான். வெண்டலின் அதைத் தபால்காரருக்குக் கொடுத்துவிட்டார், எதிர்வீட்டு நாயின் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார், ஃபால்கோவுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஃபால்கோவுக்கு அந்த ஒப்பந்தம் வந்தது. கருங்காட்டு மலையில் ஒரு பெரிய மருத்துவமனை, இதய ஆபரேஷன் முடிந்த வசதியான நோயாளிகள் ஓய்வெடுக்க வருகிற இடம். அவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போக வேண்டும். கார் மேல்தட்டு ரகமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை வழியில் நின்றாலும் ஒப்பந்தம் அன்றோடு சரி. முதல் நோயாளி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. பஸ் வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது, திரும்பிப் போக வழி இல்லை.

புதுக் கார் வாங்க அவனுக்கு வக்கில்லை. அதனால் இரண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு கறுப்பு மகாராஜா வண்டியைக் கண்டுபிடித்திருந்தான். கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள், எழுதினால் ஆசிரியர் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். எட்டு சிலிண்டர், தோல் இருக்கை, பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். அந்த எஞ்சின் தாங்குமா தாங்காதா என்பதில்தான் இப்போது ஃபால்கோவின் வாழ்க்கை இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. ஊருக்கு மேலே, திராட்சைத் தோட்டச் சரிவில் இருந்த ஒரு வீட்டின் கராஜ். வண்டியை விற்கிறவர் டாக்டர் வைகண்ட், ரிட்டயர் ஆன காது மூக்கு தொண்டை நிபுணர். இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருந்தார்.

ஃபால்கோ முதல் வேலையாக பானட் மேல் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது.

"சூடு பண்ணி வைக்கல பாருங்க" என்றார் டாக்டர், கொஞ்சம் ரோஷத்தோடு. "நீங்க போன்ல சொன்ன மாதிரியே, ராத்திரிலேர்ந்து தொடவே இல்ல."

"தப்பா நினைக்காதீங்க, ஹெர் டாக்டர். சூடான எஞ்சின் எல்லாம் நல்லாத்தான் பேசும். குளிர்ல எழுப்பினாத்தான் உண்மை வரும்னு படிச்சேன்."

"படிச்சாராம்" என்றார் வெண்டலின், மகள் காதில் விழுகிற மாதிரி. பிறகு குரலை உயர்த்தி, "உங்க ஊர்ல ஒரு காருக்குப் பதினஞ்சு வருஷம் காத்துக்கிட்டு இருந்தீங்களே, ஹெர் லேனர்ட். அந்த நேரத்துல நெறையப் படிச்சிருப்பீங்க."

ஃபால்கோ சிரித்தான். ஆறு வருஷமாக இதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டான், பாவம். மாமனாரைக் கூட்டிவரச் சொல்லி சில்கேயிடம் கெஞ்சியதே அவன்தான். உலகத்தில் எந்த மெக்கானிக்கையும் விட அந்த மனிதரின் காதை நம்பினான்.

டாக்டர் சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து பெருமையாக விரித்தார். "ஒரு முத்திரை விட்டுப்போகல. புத்தகத்துல முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்னு போட்டிருக்கு. முப்பதாயிரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல."

ஃபால்கோ ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ஒன்பது முத்திரை, ஒன்பது கையெழுத்து, எல்லாம் ஒரே கோட்டில். எங்கள் மக்களுக்கு முத்திரையைக் கண்டால் போதும், மூளை தூங்கப் போய்விடும். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஒரே ஆயிலில் ஓடினால் எஞ்சினுக்குள் என்ன நடக்கும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். புத்தகத்தில் போட்டிருக்கிறது, முத்திரை இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒன்பது முத்திரைதான் அந்த எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருந்தன.

"ஒரு நிமிஷம்" என்றான் ஃபால்கோ. கராஜ் ஓரத்தில் அடுக்கியிருந்த குளிர்கால டயர்களின் மேல் தன் போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டான். "என் முதல் சொந்த வண்டி, முதல் ஸ்டார்ட். ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

"குழந்தை பொறந்த மாதிரி" என்றாள் சில்கே.

"ஆமா. நீயும் வீடியோல வா. அப்பா பக்கத்துல நில்லு."

அவள் போய் அப்பா பக்கத்தில் நின்றாள். ஃபால்கோ உள்ளே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கின மாதிரி, கரகரவென்று. இரண்டு விநாடி, அவ்வளவுதான். பிறகு எட்டு சிலிண்டரும் ஒன்றாகச் சேர்ந்து வழுவழுவென்று ஓட ஆரம்பித்தன. டாக்டர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. மிஷின் மாட்டின காதில் அந்தச் சத்தம் பல வருஷமாகவே விழுந்ததில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, உண்மையிலேயே தெரியாதவர்.

வெண்டலினுக்குத் தெரிந்தது. வால்வுகளையும் பிஸ்டன்களையும் தாளம் தப்பாமல் ஓட்டுகிற டைமிங் செயின் நீண்டுவிட்டது; அதைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் தாங்கிகள் உடைந்துபோயிருக்கின்றன. அந்த ரக எஞ்சினில் செயின் இருப்பது பின்பக்கம், கியர்பெட்டியை ஒட்டி. அதை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். மாற்றாமல் விட்டால் ஒரு நாள் வேகத்தில் செயின் பல் தாண்டும். வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் அது எஞ்சின் இல்லை, பழைய இரும்பு.

வண்டியிலிருந்து இறங்கிய ஃபால்கோவின் முகம் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் முகம் மாதிரி இருந்தது. "எப்படி, ஹெர் ஹேகலே? ஆரம்பத்துல லேசா ஏதோ... நான் உள்ள இருந்ததால சரியாக் கேக்கல."

வெண்டலின் அவசரப்படவில்லை. குனிந்து முன்சக்கரத்தின் பக்கம் காதை வைத்தார். நிமிர்ந்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல எஞ்சின்" என்றார். "ராத்திரி ஆயில் கீழ இறங்கிடும். காலைல மேல ஏற ஒரு விநாடி ஆகும், அந்தச் சத்தம்தான். இன்னும் மூணு லட்சம் ஓடும்."

சில்கே வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு தன் காலணியைப் பார்த்தாள்.

பத்து நிமிஷத்தில் கையெழுத்தாகிவிட்டது. விற்பனை ஒப்பந்தத்தின் கடைசி வரியை டாக்டர் விரலால் தொட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினார்: பார்த்தபடி வாங்கியது, பின்னால் எந்தப் பொறுப்பும் இல்லை. தனியார் விற்பனையில் அந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் ஆகாது. ஃபால்கோ விசில் அடித்துக்கொண்டே போட்டான்.

மத்தியானம் மாமனார் வீட்டில் சாப்பாடு. சனிக்கிழமை என்றால் அங்கே பயறுக் குழம்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் நீளச் சாஸேஜும்தான். மாமியார் ரோஸ்விதா தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். வெண்டலின் நிலவறைக்குப் போய் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளம் சாராயம், அவர் அண்ணன் காய்ச்சியது, இருபது வருஷம் பழசு.

ரோஸ்விதா கரண்டியைக் கீழே வைத்தாள். "அத ஏன் எடுக்கறீங்க? இவங்க கல்யாணத்துக்கே தொறக்கலையே!"

"இன்னிக்குத் தொறக்கத் தோணுது."

நாலு சின்னக் கிளாஸில் ஊற்றினார். எழுந்து நின்றார். ஃபால்கோவும் எதற்கென்று தெரியாமலே எழுந்தான்.

"ஆறு வருஷம் ஆச்சு" என்றார் வெண்டலின். "ஒரு மனுஷன் தைரியமா ஒரு எஞ்சின் வாங்கறான்னா அவன் ஆம்பளை. இனிமே நான் வெண்டலின்."

ஃபால்கோ அவசரமாகக் கையை உயர்த்தினான். கிளாஸில் இருந்ததில் பாதி மேஜைவிரிப்பில் சிந்தியது. "நான்... நான் ஃபால்கோ" என்றான். அவன் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாததா என்ன? ஆனால் அப்படித்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. குடித்துவிட்டு மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் முயற்சி செய்யவில்லை.

சில்கே தன் கிளாஸைத் தொடவில்லை. அவளுக்கு அப்பாவைத் தெரியும். அவர் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. காலையில் அப்பா சொன்னது ஒருவேளை சரியாக இருக்கலாம், தன் காது தப்பாக இருக்கலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த பாட்டிலைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது.

"ஒண்ணு சொல்றேன், ஃபால்கோ" என்றார் வெண்டலின், சாஸேஜை வெட்டிக்கொண்டே. "டாக்டருங்க எல்லாம் பொம்பளை மாதிரி ஓட்டுவாங்க. எஞ்சின் உள்ள பூரா கரி புடிச்சிருக்கும். இப்பவே ஆட்டோபான் ஹைவேக்குக் கொண்டு போ. மலை ஏத்தத்துல காலை நல்லா அழுத்து. அடைச்சதெல்லாம் வெளிய வந்துடும். திங்கக்கிழமை புது எஞ்சின் மாதிரி இருக்கும்."

"எவ்வளவு வேகம்?"

"முள்ளு போற வரைக்கும்."

"அப்பா" என்றாள் சில்கே.

"என்னம்மா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஃபால்கோவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவள் அதைப் பார்த்ததில்லை.

"உப்பு கம்மியா இருக்கு" என்றாள்.

இதை எழுதும்போது எனக்கே அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. எழுதிவிட்டேன், என்ன செய்வது.

இரண்டு மணிக்கு ஃபால்கோ கிளம்பினான். சூடான எஞ்சின் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்தது. ஜன்னலை இறக்கி, "சாயங்காலம் வந்துடறேன், வெண்டலின்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கத்தான் கத்தினான்.

வண்டி முனை திரும்பியதும் வெண்டலின் துடைப்பத்தை எடுத்தார். அந்த வாரம் நடைபாதை பெருக்குகிற முறை அவர்களுடையது. சனிக்கிழமை அதைச் செய்யாமல் விட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது. சில்கே கோட்டுகூடப் போடாமல் பின்னாலேயே வந்தாள்.

"அது செயின்" என்றாள்.

அவர் பெருக்கிக்கொண்டே இருந்தார். நவம்பர் இலைகள், ஈரமாகத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"அப்பா, உங்களைத்தான். அது ஆயில் சத்தம் இல்ல. செயின் போயிடுச்சு. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "தெரிஞ்சும் நல்ல எஞ்சின்னு சொன்னீங்களா? வேகமா ஓட்டச் சொல்லி வேற அனுப்பறீங்க! நடுவுல நின்னா பின்னாடி லாரி வராதா?"

"பஸ் டிரைவர்தானே? ஓரத்துக்கு ஒதுக்கத் தெரியும். எஞ்சின்தான் போகும், ஆளுக்கு ஒண்ணும் ஆகாது." இலைகளை ஒரு பக்கமாகக் குவித்தார். "திங்கக்கிழமை வண்டி இல்ல. ஒப்பந்தம் இல்ல. பஸ் வேலையும் இல்ல. ரெண்டு மாசம் உக்காந்து பாப்பான், அப்புறம் அவன் ஊருக்குப் போவான். நீ இங்க வந்துடு. மாடி ரூமுக்குப் போன கோடைலயே பெயின்ட் அடிச்சாச்சு."

"அவன் என் புருஷன்!"

"நான் வேண்டாம்னேன். நீ கேக்கல."

"அவன் உங்க கையைப் புடிச்சு அழுதான், அப்பா. உங்களுக்குக் கொஞ்சம்கூட... சே! நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

வெண்டலின் துடைப்பத்தை நிறுத்தி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் மோசமானவன்தான். ஒத்துக்கறேன். நீ எங்க நின்னுக்கிட்டு இருந்த?"

"என்ன?"

"என் பக்கத்துல. ஒரு முழ தூரம். என் காது உனக்கு அப்படியே வந்திருக்கு, அது எனக்குத் தெரியாதா? சத்தம் வந்ததும் நீ என்னைப் பாத்த, நான் உன்னைப் பாத்தேன். அப்புறம் கையெழுத்துப் போட பத்து நிமிஷம் ஆச்சு. மத்தியானம் மூணு பேர் உன் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தோம். உப்பு கம்மின்னு சொன்ன."

சில்கே ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

அவளுக்குப் பத்து வயதில் நடந்தது ஒன்று. தொழிற்சாலையில் குடும்பத்தாரை உள்ளே விடுகிற நாள். சோதனைக் கூடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, உள்ள ஏதோ தட்டுது" என்றாள் இவள். அவர் அதுவரை கவனிக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், "வெண்டலின், நாளைக்குப் பொண்ணை அனுப்பு, நீ வீட்டுல இரு!" அவர் எட்டு நாள் அவளோடு பேசவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஒருவர் மட்டும்தான். காலையிலும் அதனால்தான் வாய் வரவில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"பொய்." மறுபடி பெருக்க ஆரம்பித்தார். "அவன் பஸ் வேலையை விட்டது உனக்கே புடிக்கல. மாசச் சம்பளம், பென்ஷன், எல்லாத்தையும் விட்டுட்டு இந்தப் பைத்தியக்காரத்தனம் எதுக்குன்னு அம்மாகிட்ட அழுதியே, எனக்குக் கேக்காதா? இது கவுந்தா நல்லதுன்னு உன் உள்ள ஒரு மூலைல இருந்துச்சு. கவுக்கற பாவம் என் தலைல விழட்டும்னு பேசாம நின்ன. விழுந்துடுச்சு, சந்தோஷமா இரு. போ, போய்க் கோட்டைப் போடு, சளி புடிக்கும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் என்று அவளால் மறுக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அப்பாவை அவள் அவ்வளவு வெறுத்ததில்லை. தன்னையும்தான்.

உள்ளே ஓடிப்போய் ஃபால்கோவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். மூன்று மணிக்கு, மூன்றரைக்கு, நாலுக்கு. மணி அடித்து அடித்து நின்றது. ரேடியோவில் போக்குவரத்துச் செய்தியைப் போட்டு, மலை ஏற்றத்தில் விபத்து என்று வருகிறதா என்று நின்றுகொண்டே கேட்டாள். மூடுபனி என்று சொன்னார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. ரோஸ்விதா ஒன்றும் கேட்காமல் மகள் தோளில் ஒரு சால்வையைப் போட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சீஸும் எடுத்துவைத்து நாலு தட்டு போட்டாள்.

ஆறு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"ஃபால்கோ! எங்க இருக்க? ஓட்டாத, கேளு, அந்த வண்டியை..."

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். மலை அடிவாரத்துல பார்க்கிங்ல." குரல் சாதாரணமாக இருந்தது. "மூணு மணி நேரமா எஞ்சினை அணைச்சுட்டு உக்காந்திருக்கேன். நல்லாக் குளிர்ந்துடுச்சு. உங்கப்பா இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். வெண்டலின் பேப்பரை இறக்கினார்.

"ஹெர் ஹேகலே, மாலை வணக்கம்."

"என்ன ஃபால்கோ, மறந்துட்டியா? பேர் சொல்லிக் கூப்பிடறதுன்னு..."

"வேண்டாங்க. அத நீங்களே வச்சுக்குங்க. கொஞ்சம் கேளுங்க."

கதவு திறக்கிற சத்தம், பிறகு சாவி. அந்தச் சின்ன போனிலிருந்து ஆணி டப்பா சமையலறை முழுக்கக் குலுங்கியது. காலையில் இருந்ததை விட நீளமாக இருந்தது, மூன்று விநாடி இருக்கும். பிறகு வழுவழு. பிறகு அணைத்துவிட்டான்.

"இப்ப சொல்லுங்க. நல்ல எஞ்சினா?"

வெண்டலின் பேப்பரை மடித்தார். "போன்ல ஒண்ணும் சரியாக் கேக்காது" என்றார்.

"எனக்கே கேட்டுது" என்றாள் ரோஸ்விதா.

முப்பத்து நாலு வருஷம் எஞ்சினோடு இருந்தவரின் பெண்டாட்டி, எஞ்சினைப் பற்றி அந்த வீட்டில் சொன்ன முதல் வார்த்தை அது. வெண்டலின் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"மலை ஏறறதுக்கு முன்னாடி அந்த வீடியோவை யென்ஸுக்கு அனுப்பினேன்" என்றான் ஃபால்கோ. "எங்க பஸ் பணிமனை மெக்கானிக். பெருமைக்குத்தான் அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். 'எங்க இருந்தாலும் ஓரங்கட்டு, செயின் அறுந்துடப்போகுது, இத ஒரு செவிடன்கூட வாங்க மாட்டானே'ன்னான். மாமனார் கேட்டுட்டு நல்லா இருக்குன்னு சொன்னார்னு சொன்னேன். 'திருப்பிச் சொல்லு, யாரு சொன்னது?'ன்னான்."

"ஃபால்கோ, நான் சொல்றத..."

"இரு சில்கே. அப்புறம் நானே அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். இருபது தடவை இருக்கும். முதல்ல சத்தத்துக்காக. அப்புறம் அவர் மூஞ்சிக்காக. சத்தம் வந்ததும் அவர் உன் பக்கம் திரும்பறார். நீ அவர் பக்கம் திரும்பற. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. அப்புறம் நீ வாயைத் தொறக்கற. அப்புறம் குனிஞ்சுக்கற." மூச்சை இழுத்து விட்டான். "உனக்குக் கேட்டுதா?"

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கேட்டுது" என்றாள் சில்கே.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"'நீங்க எனக்கு யாரோ'ன்னு அவர் ஆறு வருஷமா தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தார்" என்றான். "நீ ஒரு தடவைகூடச் சொல்லவே இல்லையே, சில்கே."

போன் வைக்கப்பட்டது. அவள் உடனே திருப்பிக் கூப்பிட்டாள், அணைத்துவிட்டிருந்தான். ரோஸ்விதா எழுந்து நாலாவது தட்டை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். மேஜைவிரிப்பில் மத்தியானம் சிந்திய சாராயத்தின் கறை காய்ந்திருந்தது.

ஆறேகாலுக்கு சில்கேயின் போன் மினுக்கென்றது. பாய்ந்து எடுத்தாள். ஃபால்கோ இல்லை. மருத்துவமனை அலுவலகம். ஒப்பந்தத்துக்கான கடிதங்களைப் பார்த்துக்கொள்கிறவள் இவள்தான் என்பதால் எல்லாம் இவளுக்கும் ஒரு நகல் வரும்.

'அன்புள்ள ஹெர் லேனர்ட், சற்று முன் தொலைபேசியில் பேசியபடி, முதல் நோயாளி திங்கட்கிழமைக்குப் பதிலாக நாளை ஞாயிறு காலை ஏழு மணிக்கே வருகிறார். எழுபத்தாறு வயது, ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வழியில் எந்தத் தாமதமும் அவருக்கு ஆபத்து என்பதை நினைவூட்டுகிறோம். வாகனம் தயார் என்று உறுதி அளித்ததற்கு நன்றி.'

அவள் இரண்டு தடவை படித்தாள். சற்று முன் என்றால் எப்போது? ஆணி டப்பா குலுங்கியதற்கு முன்னாலா, பின்னாலா? எப்படியானாலும் யென்ஸ் சொன்னதற்குப் பின்னால்தான். எல்லாம் தெரிந்துதான் சரி என்று சொல்லியிருக்கிறான். அந்த வண்டியில், அந்த மலைப்பாதையில், இதயத்தில் தையல் போட்ட ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு.

கடிதத்தின் கீழே அலுவலகத் தொலைபேசி எண் இருந்தது. இப்போது கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பெரியவர் பிழைப்பார். ஃபால்கோவின் ஒப்பந்தம் அந்த நிமிஷமே முடிந்துபோகும். அதை முடித்தது அப்பா இல்லை, அவளே என்றாகும். சொல்லாவிட்டால் வண்டி ஒருவேளை நாளைக்கு ஒரு நாள் தாங்கலாம்.

"யாரு?" என்றார் வெண்டலின்.

அவள் போனை நீட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முதல் தடவையாக அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் விரல் ஐஸாக இருந்தது.

"பேசாம இரு" என்றார். "நமக்கு ஒண்ணும் தெரியாது."

ரோஸ்விதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சில்கே அந்த எண்ணைத் தொட்டாள். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு பெண் குரல், தன் பெயரைச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டது.

"வணக்கம், நான் சில்கே லேனர்ட்" என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில், "சொல்லுங்க, ஃப்ராவ் லேனர்ட்" என்றது அந்தக் குரல். சில்கே குனிந்து தன் வீட்டுச் செருப்பைப் பார்த்தாள்.